அடுத்த ஸ்வரம் தெரியாத தைவதம்

பைரவி ராகத்தில் பஞ்சமத்திலிருந்து தைவதத்துக்கு ஏறுகிறவர், அந்தத் தைவதத்தைத் தொடும்போதே அதற்குப் பின் எங்கே போகப்போகிறார் என்பதைத் தீர்மானித்திருக்க வேண்டும். மேல் ஷட்ஜத்தை நோக்கிச் செல்வதானால் அது சதுச்ருதி தைவதம். பஞ்சமத்துக்கே திரும்புவதானால் சுத்த தைவதம். நிஷாதத்தை எட்டிவிட்டு மறுபடி இறங்குகிற பிரயோகங்களிலும் பெரும்பாலும் சுத்த தைவதமே ஒலிக்கும் என்பதால், ஒரு ஸ்வரத்தின் இடம் அடுத்த ஸ்வரத்தையும், சில வேளைகளில் அதற்கும் அடுத்ததையும் பொறுத்து அமைகிறது. நடபைரவி மேளத்தில் பிறந்த இந்த ராகத்துக்குச் சதுச்ருதி தைவதம் அன்னிய ஸ்வரம், அதாவது தாய் மேளத்தில் இல்லாமல் வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஸ்வரம் என்பதும், அத்தகைய ஸ்வரம் ஏற்கும் ராகங்களுக்குப் பாஷாங்கம் என்று பெயர் என்பதும் பாட்டு வகுப்பில் சொல்லித்தரப்படும் பால பாடம். பாடுகிறவருக்கு இதில் இடர்ப்பாடு எதுவும் தோன்றுவதில்லை. இதே வேலையை ஒரு கணினி நிரலிடம் ஒப்படைக்கும்போதுதான் ஒரு நெருடல் எழுகிறது. ஸ ரி க ம ப த நி என்னும் ஏழு எழுத்துகளில் ஒன்றைத் தட்டியதும் அதற்குரிய ஒலியை அந்த நொடியிலேயே உண்டாக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஜாவா மொழியில் ஒரு நிரல் எழுதப்படுகிறது என்று கொண்டால், ‘த’ வந்து சேரும் வேளையில் அந்த நிரலுக்குத் தெரிந்திருப்பது கடந்து போன ‘ப’ மட்டுமே. வரப்போவது எது என்று அறியக் காத்திருந்தால் ‘அந்த நொடியிலேயே’ என்ற நிபந்தனை பொய்த்துப்போகும். காத்திராமல் ஒலித்தால் ராகம் பொய்த்துப்போகலாம். வேகமான இயந்திரம் வாங்கித் தீர்த்துக்கொள்ளக்கூடிய குறையாக இது தெரியவில்லை என்பதே நெருடலுக்குக் காரணம்.

நிரல் ஒலியை உண்டாக்கும் விதத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அந்த அழுத்தத்தை நொடிக்கு 44,100 முறை எண்ணாகக் குறித்தால் செவிக்கு அது தொடர்ச்சியான நாதமாகிவிடுகிறது. இப்படிக் குறிக்கப்படும் ஒவ்வோர் எண்ணுக்கும் சாம்பிள் என்று பெயர்; வழக்கமான பதினாறு பிட் முறையில் அது -32,768 முதல் 32,767 வரையிலான ஒரு முழு எண். நொடிக்கு 440 முறை அதிரும் ஒரு நாதம் வேண்டுமென்றால், அலையின் ஒரு முழுச் சுற்றில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்ற ஒரே ஓர் எண்ணை நிரல் நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாம்பிளுக்கும் அந்தச் சுற்றில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு முன்னேறி, அந்த இடத்துக்குரிய சைன் மதிப்பை எழுதிச் செல்கிறது. அதிர்வெண்ணை மாற்ற நேர்ந்தால் முன்னேறும் அளவை மட்டும் மாற்றினால் போதும்; நிற்கும் இடத்தை மாற்றக் கூடாது. அதை மறந்து ஒவ்வொரு புதிய ஸ்வரத்துக்கும் சுற்றைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிற நிரலில், இரண்டு ஸ்வரங்களின் சந்திப்பில் அலை ஒடிந்து ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்கும். ஹெட்போனில் கேட்பவருக்கு அது நகத்தால் மேசையைச் சுண்டியதுபோல் துல்லியமாக விழும். ஆகவே இயந்திரத்தின் மிக எளிய ஸ்வரத்துக்கும் கடந்த காலத்தின் நினைவு வேண்டியிருக்கிறது. எதிர்காலத்தைப் பற்றி மட்டும் அது எதுவும் கேட்பதில்லை.

சாம்பிள்களை ஒவ்வொன்றாக ஒலிக்கருவிக்கு அனுப்ப முடியாது என்பதால் அவற்றைச் சில நூறுகளாகச் சேர்த்து ஒரு தற்காலிகத் தேக்கத்தில் இட வேண்டும். பஃபர் என்று நிரலர்கள் சொல்வது இதைத்தான். 512 சாம்பிள்கள் கொண்ட பஃபர் சுமார் 11.6 மில்லி நொடி நேர ஒலியைத் தாங்கும். 4,096 என்றால் ஏறக்குறைய 93 மில்லி நொடி. ஜாவாவில் இந்தத் தேக்கத்துக்குள் எழுதும் கட்டளை, இடம் கிடைக்கும்வரை காத்து நிற்கும் தன்மையுடையது. ஐந்நூறு சைன் மதிப்புகளைக் கணிக்க இன்றைய கணினிக்கு ஆகும் நேரம் அற்பமானது. எஞ்சிய நேரமெல்லாம் அந்த நிரல் சும்மா நிற்கிறது. விரைந்து இயங்குவதாகத் தோன்றும் ஒன்று தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் காத்திருப்பதில் கழிக்கிறது என்பது ஒருபுறமிருக்க, காத்திருக்கும்போதும் அது எதையும் எதிர்பார்ப்பதில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. இதற்கிடையில் ஜாவாவுக்கே உரிய இன்னோர் இடையூறும் உண்டு. பயன்படுத்தி முடித்த நினைவகப் பகுதிகளைக் கூட்டிப் பெருக்கி மீட்டெடுக்கும் கார்பேஜ் கலெக்டர் என்னும் ஏற்பாடு, தனக்குத் தோன்றிய வேளையில் மற்ற வேலைகளைச் சிறிது நிறுத்திவைக்கும். அந்த நிறுத்தம் பஃபர் தாங்கும் நேரத்தைவிட நீண்டுவிட்டால் ஒலி அறுபடும். அதனால் ஒலி நிரல் எழுதுகிறவர்கள் சாம்பிள் கணிக்கும் சுழற்சிக்குள் புதிய பொருள் எதையும் உருவாக்குவதில்லை என்ற கட்டுப்பாட்டை மேற்கொள்கிறார்கள். ஜாவாவின் வளர்ச்சிக்காகச் சமூகம் கூடி வகுத்த விதிமுறைகளில் முதலாம் எண்ணைத் தாங்கியதே நிகழ்நேரத்துக்கான விதிமுறைதான் என்பதும், அது 2002-இல் இறுதி வடிவம் பெற்றது என்பதும், இந்தக் கவலை மொழியோடு கூடவே வளர்ந்தது என்பதைக் காட்டும்.

ஆனால் 11.6 மில்லி நொடித் தாமதம் என்பது இசையில் எவ்வளவு பெரிய குற்றம்? சென்னையின் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்கிறது. அந்தக் கணக்கில் 11.6 மில்லி நொடிக்குள் அது கடப்பது நான்கு மீட்டர் தூரம். மேடைக்கு எதிரே இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்வானின் குரல் அவ்வளவு பிந்தித்தான் வந்து சேர்கிறது. இருபது மீட்டர் தள்ளிக் கதவோரம் நிற்பவருக்கு, ஒலிபெருக்கி இல்லாத கச்சேரியில், அது 57 மில்லி நொடி பழைய ஸ்வரம். யாரும் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. செவி மன்னிக்கும் தாமதங்கள் இருக்கின்றன. மன்னிக்காத பிழைகளும் இருக்கின்றன. நிகழ்நேரம் என்ற சொல்லைப் பொறியியல் மில்லி நொடிகளால் அளக்கிறது. பைரவியின் தைவதமோ மில்லி நொடிகளால் தீராத வேறொரு தாமதத்தைக் கேட்கிறது. அது ஒரு ஸ்வர காலம், மெதுவான சௌக்க காலத்தில் ஒரு நொடிக்கும் மேல். அவ்வளவு நேரம் பிந்தி ஒலிக்கும் வாத்தியத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள்.

இந்த இரண்டு தாமதங்களும் தென்சென்னைப் புறநகரில் அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன. ஒலியைக் கையாளும் வசதி ஜாவாவின் 1.3 பதிப்புடன் மொழிக்குள்ளேயே சேர்ந்து வந்த 2000-ஆம் ஆண்டில்தான் தரமணியில் டைடல் பூங்காவும் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1984-இல் தாம்பரம் சானடோரியத்தை ஒட்டி மெப்ஸ் என்னும் ஏற்றுமதி வளாகம் தோன்றியிருந்தது. அதற்கும் வெகு முன்பே, 1949-இல் குரோம்பேட்டையில் தொடங்கப்பட்ட மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம், பின்னாளில் வீணை வாசிக்கும் குடியரசுத் தலைவராக அறியப்பட்ட அப்துல் கலாமுக்கு விமானப் பொறியியல் கற்றுக்கொடுத்திருந்தது. பகலெல்லாம் வங்கிக் கணக்குகளுக்கும் காப்பீட்டு வேலைகளுக்கும் ஜாவா நிரல் எழுதிவிட்டு, மின்சார ரயிலிலோ ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலிலோ வீடு திரும்பும் ஒரு தலைமுறை சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் நங்கநல்லூரிலும் உருவானது. அவர்கள் வீட்டுக் குழந்தைகள் மாலையில் போய் உட்காரும் பாட்டு வகுப்புகளும் அதே தெருக்களில்தான் நடக்கின்றன. தாம்பரம் விமானப்படை நிலையத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்குமேல் தம் போக்கில் ஒரு ஸ்வரத்தை இழுத்துச் செல்ல, கீழே மாயாமாளவகௌளையில் சரளி வரிசை நடந்துகொண்டிருக்கும். அந்த வகுப்புகளில் கட்டைத் தம்புரா இருக்கும் இடங்கள் குறைவு. மின்னணுப் பெட்டியோ கைப்பேசிச் செயலியோதான் சுருதி தருகிறது. இயந்திரம் நிகழ்நேரத்தில் உண்டாக்கும் நாதத்தின்மேல் குழந்தையின் குரல் ஏறி உட்கார்வதில் எந்த ஆசிரியருக்கும் மனத்தடை இல்லை. அதே ஆசிரியரிடம், இந்தச் செயலி ஸ்வரமும் பாடும் என்று சொன்னால் முகம் மாறும். சுருதியை இயந்திரத்திடம் கொடுத்தவர்கள் ஸ்வரத்தை ஏன் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்ற கேள்விக்கு, மரபுப்பற்று என்று ஒரு வரியில் விடை சொல்லிவிடுவது எளிது. அது போதாது என்றே தோன்றுகிறது.

சுருதி தருவது எளிய வேலை என்பதும் விடையாகாது. தம்புராவின் ஒலி இயற்பியலாளரையே தடுமாற வைத்தது. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளியைக் கொண்ட மேற்சுரங்கள், அதாவது அடிநாதத்தின் மடங்குகளாக உடன் எழும் நாதங்கள், ஒலிக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒலியியலில் நிலைபெற்றிருந்த விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்கு அடங்குவதில்லை என்று சி. வி. இராமன் 1921-இல் எழுதினார். தம்புராவின் வளைந்த குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகப்படும் ஜீவாளி என்னும் நூல் இழையும், தந்தி குதிரையின் வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுவதும் சேர்ந்து, மேற்சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பிவிடுகின்றன. இதை நிரலில் கொண்டுவர ஒரு தொடக்கம், கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983-இல் வெளியிட்ட முறை. ஒரு சிறிய எண் வரிசையில் தாறுமாறான எண்களை நிரப்பி, அதைச் சுற்றிச் சுற்றி வாசித்து, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த இரு எண்களின் சராசரியை மீண்டும் எழுதிக்கொண்டே போனால், மீட்டிய தந்தி மெல்ல அடங்கும் ஒலி கிடைக்கிறது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஷட்ஜத்துக்கு ஏறக்குறைய 337 எண்கள் போதும். ஜவாரி எனப்படும் தம்புராவின் ரீங்காரம் இதில் வராது; வளைந்த குதிரையைத் தனியே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். ஆனால் உழைத்தால் வரும். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்திகளையும் வரிசையாக மீட்டும் கைக்கு, அடுத்த தந்தி எது என்பதில் ஒருபோதும் சந்தேகம் இருப்பதில்லை. புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் பெங்களூரில் தொடங்கிய ராடெல் நிறுவனத்தின் பெட்டிகள் முதல் இன்றைய செயலிகள் வரை எல்லாம் இந்த நிச்சயத்தின் மேல்தான் நிற்கின்றன. தம்புராவின் எதிர்காலம் அதன் கடந்த காலத்தைப் போலவே இருக்கும். அதனால்தான் இயந்திரம் அங்கே தோற்பதில்லை.

எதிர்காலம் தெரியாமல் ஒலிக்கும் துண்டுகள் எப்படி இருக்கும் என்பதற்குத் தாம்பரம் ரயில் நிலையத்தின் அறிவிப்புகளே சான்று. வண்டி எண்ணின் ஒவ்வோர் இலக்கமும், ஊர்ப் பெயரும், நடைமேடை எண்ணும் தனித்தனியே பதிவு செய்யப்பட்டுப் பின்னர் கோக்கப்படுகின்றன. ஒவ்வொரு துண்டும் தெளிவாக, சரியான உச்சரிப்புடன் இருந்தும், ஓர் இலக்கத்தின் குரல் அடுத்த இலக்கத்தை எதிர்பார்க்காமல் முடிந்துவிடுவதால், வாக்கியம் முழுதும் சிறு சிறு படிகளாகத் தட்டுப்படுகிறது. பேசுகிற மனிதர் ‘ஆறு’ என்று சொல்லும்போதே அடுத்து ‘மூன்று’ வரப்போவது அந்த ‘ஆறு’க்குள் இறங்கியிருக்கும். அறிவிப்பில் அது இறங்குவதில்லை. செய்தி எந்தக் குறையுமின்றிப் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதால் பயணிகள் இதைப் பொருட்படுத்துவதில்லை. இசையில் போய்ச் சேர வேண்டிய செய்தி அந்த இறக்கத்தைத் தவிர வேறில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் இசை அறிஞர்களை வாட்டிய கேள்வி வேறாக இருந்தது. ஒரு ஸ்தாயியை எத்தனை சுருதிகளாகப் பகுப்பது என்பதில் ஆபிரகாம் பண்டிதர் தம் கருணாமிர்த சாகரத்தின் பெரும் பகுதியைச் செலவிட்டார். 1917-இல் வெளிவந்த அந்த நூல், வழக்கில் இருந்த இருபத்திரண்டு சுருதிக் கணக்கை மறுத்து இருபத்து நான்கை நிலைநாட்ட முயன்றது. 1947-இல் வெளியான யாழ் நூலில் விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழ்களின் நரம்புகளையும் அவற்றின் சுருதிகளையும் கணிதத்தால் மீட்டெடுக்க முற்பட்டார். ஸ்வரம் எங்கே நிற்கிறது என்பதே அந்தத் தலைமுறையின் விவாதம். இன்றைய நிரலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வாத்தியங்களும் கணினிகளும் பேசிக்கொள்வதற்காக 1983-இல் ஏற்பட்ட மிடி என்னும் நெறி, ஸ்வர ஸ்தானங்களுக்கு 0 முதல் 127 வரை எண் கொடுக்கிறது. 60-ஐ ஷட்ஜமாகக் கொண்டால் பைரவியின் சுத்த தைவதம் 68, சதுச்ருதி தைவதம் 69. முன்னது நொடிக்கு சுமார் 415 அதிர்வு, பின்னது 440. இந்த முழு எண்களுக்கு நடுவே வளைந்து செல்வதற்கென்றே உள்ள தனிச் செய்தி 16,384 படிகள் கொண்டது. இரண்டு அரைச்சுரம் மேலும் இரண்டு அரைச்சுரம் கீழுமான வழக்கமான எல்லைக்குள் அவ்வளவு படிகள் என்றால், இருபத்திரண்டா இருபத்து நான்கா என்ற வழக்கில் எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் அதை ஒலித்துக்காட்ட இயந்திரம் தயார். எங்கே என்ற கேள்வி இயந்திரத்தின் முன் இவ்வளவு எளிதாகக் கரைந்துபோனதனால்தான், அதன் பின்னால் மறைந்திருந்த இன்னொரு கேள்வி, எப்போது என்பது, இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. 68-ஐ அனுப்புவதா 69-ஐ அனுப்புவதா என்பதைத் தீர்மானிக்கும் சேதி, அந்த எண்ணை அனுப்ப வேண்டிய நேரத்துக்குப் பிறகுதான் வந்து சேர்கிறது.

பைரவியின் தைவதம் ஒரு விதிவிலக்கு, மற்ற ராகங்களில் இந்தத் தொல்லை இல்லை என்று ஒருவர் வாதிடலாம். தோடியின் காந்தாரம் அந்த வாதத்தை நிற்கவிடாது. ஏட்டில் அது சாதாரண காந்தாரம். பாடும்போதோ ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருந்து, ஏட்டில் சொன்ன இடத்தில் நிலைத்து நிற்பதே அரிது. இத்தகைய அசைவுகளுக்குக் கமகம் என்று பொதுப் பெயர்; ஒரு ஸ்வரத்தை எப்படி அணுகுவது, அதில் எப்படி ஊசலாடுவது, அதை எப்படி விட்டுச் செல்வது என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கம்பிதம், ஜாரு, நொக்கு, ஸ்புரிதம் முதலானவற்றுக்குத் தனித்தனிக் குறிகளை வகுத்து, கீர்த்தனைகளின் ஸ்வரங்களோடு சேர்த்து அச்சிட்டார். குறிகள் இருப்பதால் வழி கிடைத்துவிட்டதுபோல் தோன்றும். எம். சுப்பிரமணியன் உருவாக்கிய ‘காயகா’ மென்பொருள் அந்த வழியில் குறிப்பிடத்தக்க தூரம் சென்றது. ஸ்வரக் குறிப்பை எழுத்தாகக் கொடுத்தால் கமகங்களுடன் அதை ஒலித்துக்காட்டுவது அதன் நோக்கம். கணினியைக் கொண்டு கமகங்களைப் பகுத்தாயும் அவருடைய கட்டுரை 2002-இல் ‘சங்கீத நாடக்’ இதழில் வந்தது. ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு, வர்ணத்தை இரண்டாம் காலத்தில் வாசிக்கும்போது கமகங்கள் என்னவாகின்றன என்பதை ஆராய்ந்ததோடு, கமகத்தை மெதுவாக நகரும் ஓர் அடித்தளம், அதன்மேல் விரைந்து ஆடும் ஓர் அசைவு என்று இரு கூறுகளாகப் பிரித்துக் காணவும் முயன்றது. இவையெல்லாம் மதிக்கத்தக்க முயற்சிகள். ஆயினும் இவை எடுத்துக்கொண்ட இசை ஏற்கெனவே எழுதப்பட்ட இசை. பச்சிமிரியம் ஆதியப்பய்யாவின் பைரவி அட தாள வர்ணத்தை நிரலுக்குக் கொடுத்தால், ஒவ்வொரு தைவதத்தையும் ஒலிப்பதற்கு முன் அது அடுத்த எழுத்தை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஏட்டில் எதிர்காலம் வலப்பக்கம் இருக்கிறது. அங்கே நிகழ்நேரம் என்ற நிபந்தனைக்கே வேலையில்லை.

மனோதர்மத்தில் வலப்பக்கம் வெற்றிடம். ராக ஆலாபனையிலோ கல்பனை ஸ்வரத்திலோ பாடுகிறவருக்கே அடுத்தது தெரியாது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. சொல்லும்போது அது ஒரு புகழ்ச்சி. ஆனால் அடுத்தது தெரியாமல் பைரவியின் தைவதத்தைத் தொட முடியாது என்றால் அந்தப் புகழ்ச்சியில் எங்கோ பிசகு இருக்க வேண்டும். பாடுகிறவர் ஸ்வரம் ஸ்வரமாக யோசிப்பதில்லை, பிடிகளாக யோசிக்கிறார் என்பது ஒரு விளக்கம். பிடி என்பது ராகத்துக்கே உரிய, வாயில் படிந்துபோன சொற்கட்டு. ‘ப த நி ஸ’ என்பது ஒரே மூச்சில் கிளம்பும் ஓர் அலகு. அப்படியானால் நிகழ்நேரத்தின் அலகு சாம்பிளும் அல்ல, ஸ்வரமும் அல்ல, பிடிதான். ஆனால் ஒரு பிடியைத் தொடங்கிப் பாதியில் மனம் மாறி வேறு திசையில் திரும்புவதும் மேடையில் நடக்கிறது. நல்ல கச்சேரிகளில் ரசிகர்கள் நிமிர்ந்து உட்காரும் இடங்களில் சில அப்படிப்பட்ட திருப்பங்களே. எனவே பிடி என்ற விளக்கமும் முழுதாகத் தாங்கவில்லை.

இன்னொரு சாட்சி மேடையிலேயே, பாடகருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாத்தியமான வயலின், ஆலாபனையின்போது பாடகரின் ஒவ்வொரு சஞ்சாரத்தையும் சற்றே பிந்தி நிழலாகத் தொடர்ந்து வாசிக்கிறது. அடுத்த ஸ்வரம் வயலின்காரர் கையில் இல்லை. அது வேறொருவர் தொண்டையில் இருக்கிறது. எனினும் அவர் அந்த ஸ்வரம் முடியும்வரை காத்திருப்பதில்லை. ராகத்தின் இலக்கணம், பாடகரின் பாணி, அவர் மூச்சு வாங்கிய விதம், கை எழுந்த உயரம் ஆகியவற்றிலிருந்து ஊகித்து வில்லை இழுக்கிறார். ஊகம் தவறினால் விரலை வழுக்கிச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார், பெரும்பாலான செவிகளுக்கு அந்த வழுக்கல் ஒரு ஜாருவாகவே கேட்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் தம் நிரலைப் பாடகரோடு ஒப்பிட்டுச் சோர்வதை விட்டுவிட்டு இவரிடம் பாடம் கேட்கலாம். பிந்துவதற்கு அனுமதி, ஊகிப்பதற்கு அறிவு, திருத்திக்கொள்வதற்கு வழுக்கல் என்று மூன்றையும் கொடுத்தால் ஜாவா நிரலும் பஞ்சமத்திலிருந்து சுத்த தைவதத்தை நோக்கிக் கிளம்பி, சேதி வந்ததும் 68-லிருந்து 69-க்கு ஏறிவிட முடியும். முன்பு சொன்ன வளைவுச் செய்திக்கு அதற்கு வேண்டிய நுட்பம் ஏராளமாகவே இருக்கிறது.

இந்தத் தீர்வில் நிம்மதியடைய முடியவில்லை. ஊகத்தை எங்கிருந்து பெறுவது என்ற கேள்வி வந்து நிற்கிறது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் தலைமை தாங்கிய காம்ப்மியூசிக் என்னும் ஆய்வுத் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்றுக் கர்நாடக இசைப் பதிவுகளைக் கணினிக்கு உகந்த தொகுப்புகளாக ஆக்கியது. அத்தகைய தொகுப்புகளிலிருந்து, பைரவியில் ‘ப’வுக்குப் பின் வரும் ‘த’ எத்தனை முறை எந்தப் பக்கம் திரும்பியது என்று எண்ணிவிடலாம். எண்ணிய நிரல் எப்போதும் மிகுதியாக நடந்ததையே எதிர்பார்க்கும். பழகிய தடத்தில் செல்லும் பாடகருக்கு அது உற்ற துணை. தடம் மாற நினைக்கும் பாடகரை அது ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தவறாக முந்திக்கொள்ளும். அரிதாகக் கேட்பதில்தான் மனோதர்மத்தின் உயிர் இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு இப்படி ஒரு பக்கவாத்தியம் மெல்ல மெல்லப் பாடகரையே பழகிய தடத்துக்கு இழுத்துவிடுமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. மனித வயலினும் அப்படி இழுப்பதுண்டு என்பது அந்த அச்சத்துக்குப் பதிலாகாது, அதைப் பெருக்கவே செய்யும்.

இந்த இடத்தில் வேறொரு பக்கத்திலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஸ்வரம் அடுத்ததைப் பொறுத்தது என்றால், அடுத்த ஸ்வரத்துக்கு முந்தையதை மாற்றும் ஆற்றலும் இருக்கிறது. சதுச்ருதி தைவதத்தில் ஏறிவிட்ட பாடகர் ஷட்ஜத்துக்குப் போக மனமில்லாமல் நின்றுவிட்டால், அவர் நிஷாதத்தில் நீண்டு நின்று, ஷட்ஜத்தை ஒரு நூலளவு தொட்டு, பிறகு இறங்கி வரலாம். அந்தத் தொடுகையால் ஏறிய தைவதம் பின்னோக்கிச் சரியாகிவிடுகிறது. ஒலித்ததைத் திரும்பப் பெற முடியாது. ஒலித்தது என்னவாக இருந்தது என்பதை மட்டும் இன்னும் சிறிது நேரத்துக்கு மாற்ற முடியும். பஃபரில் எழுதப்பட்டுவிட்ட 512 எண்களும் அப்படியே திரும்பி வாராதவை. ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே சரி, தவறு என்று மதிப்பிட்டுவிட்டு மறந்துபோகிற நிரலுக்கு இந்தப் பின்னோக்கிய திருத்தம் கைவராது. தான் சற்றுமுன் ஒலித்ததற்கு இப்போது பொறுப்பேற்கும் நிரலுக்கே அது கைவரும். எதிர்காலத்தை அறியாதது இயந்திரத்தின் குறை என்று தொடங்கிய ஐயம் இப்போது இடம் பெயர்கிறது. பாடகருக்கும் அந்த அறிவு முழுதாக இல்லை. அவரிடம் இருப்பது, வந்து விழுந்த ஸ்வரத்தை அடுத்த ஸ்வரத்தால் நியாயப்படுத்தும் கடப்பாடு. அலை ஒடியாமலிருக்கச் சுற்றில் நிற்கும் இடத்தை மட்டும் நினைவில் வைத்திருந்த நிரல், ராகம் ஒடியாமலிருக்க எவ்வளவை நினைவில் வைத்திருக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இன்று எந்த விதிமுறையும் இல்லை. அந்த அளவைக் கண்டுபிடிக்க முற்படுகிறவர் மில்லி நொடிகளைக் குறைப்பதில் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியையாவது இதற்குத் திருப்பினால், சேலையூரிலோ நங்கநல்லூரிலோ உள்ள பாட்டு ஆசிரியர் அந்த நிரலைக் கேட்டுவிட்டு எந்தத் தைவதம் தவறு என்று சொல்வதற்குப் பதிலாக, அங்கிருந்து எப்படி இறங்கியிருக்கலாம் என்று சொல்லித்தரக்கூடும். அதுவரை இயந்திரத்துக்குச் சுருதி மட்டும் போதும் என்ற அவருடைய தயக்கத்தைப் பிழை என்று சொல்ல இடமில்லை.